அல்போன்ஸ் பதில் சொல்ல வேண்டும்

துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. அல்போன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் சரிந்தான்.

"என்னையே காட்டிக் கொடுக்கிறியா, நாயே!" என்றான் கும்பலின் தலைவன் சிங்காரம்.

அல்போன்ஸ் வாயில் ரத்தம் வழியச் சிரித்தான். "அவசரப்பட்டுட்டியே தல. உன்னை முடிக்கச் சொல்லி எனக்குக் கீழ வெட்டுற லோகுவை அனுப்பிட்டேன். இனி அவனை யாரு நிறுத்துவா?"

அத்தோடு அவன் தலை தொங்கியது.

சிங்காரம் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டான். போலீஸ் தன்னை எட்டக் கூடாது என்று கும்பலின் அடுக்கு விதிகளை எழுதியவனே அவன்தான். வெட்டுகிறவன் காதில் இருக்கும் சில்லு, அவனுக்கு நேர் மேலே இருப்பவனின் குரலை மட்டுமே உள்ளே விடும். அதற்கும் மேலே இருப்பவனின் முகம்கூட அவனுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் பத்து எண்ணுவதற்குள் நேர் மேலே இருப்பவனிடமிருந்து 'சரி' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கதவு உடைந்தது. துப்பாக்கியைத் தூக்குவதற்குள் லோகுவின் அரிவாள் சிங்காரத்தின் மணிக்கட்டைத் துண்டித்தது.

"டேய், நிறுத்துடா! அல்போன்ஸுக்கே தலைவன்டா நான்!"

லோகுவின் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த வெட்டு கழுத்தில் இறங்கியது.

"அண்ணே, முடிச்சாச்சு," என்றான் லோகு, காதைத் தொட்டபடி.

பதில் வரவில்லை. நிதானமாகப் பத்து எண்ணினான். பிறகு அரிவாளை மறுபடியும் ஓங்கினான்.