முதல் ஐநூறு கிலோமீட்டர்

புது வண்டியின் டேங்க்கை ஒரு விரலால் தடவிப் பார்த்த ஜெபமணி, அந்த விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டவள்போல முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாப்பா பெயிண்டு இது? ஆரஞ்சுத் தோலு மாரி கீது."

இசக்கிதுரை நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, ஒரே அறையில் நாலு பேரோடு படுத்து, ஓ.டி. பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி. இன்னும் நம்பர் பிளேட்டில் வைத்த சந்தனம்கூடக் காயவில்லை.

ஆனால் இன்று அவன் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தது வண்டியைக் காட்ட அல்ல. ஜெபமணியின் மகள் ஜோவிதாவும் அவனும் ஒரே கம்பெனி, ஒரே லைன். கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. மகள் விஷயத்தைச் சொன்னபோது ஜெபமணி கத்தவும் இல்லை, அழவும் இல்லை. "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் வரச் சொல்லு. பாக்கணும்" என்றாளாம்.

பேரிலேயே இசக்கியம்மனைச் சுமந்துகொண்டு ஒரு கிறிஸ்தவ வீட்டு வாசலில் நிற்கப்போகிறோமே என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தான்.

போதாக்குறைக்கு, ஜெபமணிக்கு உதிரிபாகக் கம்பெனியில் சரிபார்க்கும் வேலை. கோணல் என்று கண்ணில் பட்டால் சாமான் நேரே கழிவுக்கான சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். அந்தக் கண் இப்போது வண்டியிலிருந்து அவனுக்கும், அவனிடமிருந்து வண்டிக்கும் போய்ப் போய் வந்தது.

"ஒரு ரவுண்டு போலாம் வா. நான் பின்னால குந்திக்கிறேன்."

"நீங்களாம்மா?"

"ஏன், நான் குந்தக் கூடாதா?"

வாசலில் நின்ற ஜோவிதா கண்ணாலேயே 'கூட்டிக்கிட்டுப் போ' என்றாள். வெள்ளைச் சேலையைச் சேர்த்துப் பிடித்து, ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டாள் ஜெபமணி.

வடக்குப்பட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அலறவிட்டுத் தாண்டிப் போயின. இவன் ஓரமாக உருட்டிக்கொண்டே போனான்.

"இன்னா, மாட்டு வண்டியா ஓட்டுற?"

"புது இன்ஜின்மா. மொத ஐநூறு கிலோமீட்டருக்கு நாப்பதத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிருக்காவ."

"நாப்பதுக்கே பல்லு ஆடுது. பிரேக்கு வேற பூனையாட்டம் கத்துது. கால் வைக்கிற கம்பியப் பாரு, பிசிறு கூடத் தேய்க்காம அனுப்பிக்கீறான். கருமம்!"

ஒவ்வொரு வார்த்தையும் அவன் முதுகில் அறைந்தது. தன் பேச்சும், ஊரும், சாமியும் எல்லாமே அவளுக்குப் பிசிறாகத்தான் தெரிகின்றன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

திருப்பத்தில் திடீரென்று பின்னால் ஓர் இழுப்பு.

"நிறுத்து! நிறுத்துப்பா!"

நல்லவேளை, நாற்பதைத் தாண்டவில்லை. அவன் பிரேக்கை அழுத்தி இறங்கிப் பார்த்தான். பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வைத்திருக்கும் கம்பி வலை, வெல்டிங் விட்டு ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சேலை ஓரம் சக்கரத்துக்குள் சுற்றியிருந்தது.

ஜெபமணி பல்லைக் கடித்துக்கொண்டு துணியை வெடுக்கென்று இழுத்தாள். கிழிந்து, கறுப்பு ஆயிலோடு வந்தது.

"அடி பட்டுச்சாம்மா?"

"அடி பட்ருந்தா ரோட்ல கெடந்திருப்பேன். வூட்டுக்கு வுடு."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கிழிசலையே புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டிக்கொண்டே வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

வாசலில் இறங்கியதும் கிழிசலை மகளுக்கு விரித்துக் காட்டினாள். பிறகு குனிந்து அந்த வலையை ஆட்டிப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது.

"த்தூ! இத்த செஞ்சவனும் சோறுதான் துன்றான், பாஸ் பண்ணி அனுப்பினவனும் சோறுதான் துன்றான்!" வலையை வீசியெறிந்துவிட்டு இசக்கிதுரையிடம் திரும்பினாள். "தோ பாருப்பா, நேராவே சொல்லிட்றேன். இதுல என் பொண்ணு ஏற மாட்டா."

ஜோவிதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இசக்கிதுரை கீழே கிடந்த வலையை எடுத்துக்கொண்டான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியைத் தெருப்பக்கம் தள்ள ஆரம்பித்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்கதான் நேரா சொல்லிட்டீயளேம்மா. எனக்குப் புரியுது. இனிமே ஜோவிதா இருக்க பக்கம் வர மாட்டேன்."

ஜெபமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிழிந்த சேலை ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவை அகலமாகத் திறந்து விட்டாள்.

"வண்டியத்தான் வேணாம்னேன், மாப்ள!"