இன்னும் கொஞ்சம் பக்கத்தில்

"சுடுதா?"

சாத்திய கதவுக்கு வெளியே நின்று கோமதித்தாய் கேட்டாள்.

"எங்கட்டி சுடுது? கையில ஒண்ணுமே தெரியல" என்றான் உள்ளே இருந்த செல்லச்சாமி.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் டீச்சரின் முட்டிவலியைப் போக்கிய விளக்கு அது. சிவப்பாக எரியும், சூடு உள்ளே இறங்கி நரம்பை இளக்கும் என்று டீச்சர்தான் கொடுத்து அனுப்பியிருந்தார். ஊருக்கெல்லாம் சுட்ட விளக்கு தன் வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்துபோயிற்றே என்று மனசு நொந்தது.

இரண்டு மாதமாகச் செல்லச்சாமியின் இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மடங்கிக் கிடந்தன. தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் கை சரியாகாவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். கோமதித்தாய்க்கு எட்டாம் மாதம். தறி போனால் பிள்ளை பிறக்கும்போது வீட்டில் உலை கொதிக்காது.

அந்தப் புறங்கையில் ஏற்கெனவே ஒரு வெளிறிய தேமல் உண்டு. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தார்கள். அரிக்கவில்லை, வலிக்கவில்லை, அதனால் அதை மறந்தும் போனார்கள்.

விளக்கை அவளே உள்ளே போய்ச் சரியாக வைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் கிரகணத்து வெளிச்சமே வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதபோது இந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் ஆகுமா என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். டீச்சர் சிரித்துப் பார்த்தும் கேட்கவில்லை.

"டீச்சர் சொன்னதையெல்லாம் செஞ்சீகளா?"

"ஒரு செம்பு தண்ணி குடிச்சேன். கண்ணுல ஈரத்துண்டு கட்டிருக்கேன். ஒரு முழம் தள்ளித்தான் கைய வச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுத?"

"கொஞ்சம் கூடவா சூடு வரல?"

"மூஞ்சில லேசா வருது. கையிலதான் இல்ல."

"அப்பம் விளக்கு மூஞ்சியப் பாத்துத் திரும்பியிருக்கு. கைக்கு நேரா வைங்க."

உள்ளே விளக்கு வைத்திருந்த ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"இப்பம்?"

"ம்ஹூம்."

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுங்க."

"சுட்டா உடனே தள்ளி வைக்கணும்னு டீச்சர் சொன்னாகள்லா?"

"சுட்டாத்தான? சுடவே இல்லியே! நல்லா இழுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மறுபடியும் ஸ்டூல் நகர்ந்தது. அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்று கோமதித்தாய் அம்மனைக் கெஞ்சிக்கொண்டே நின்றாள். இதுவும் பலிக்காவிட்டால் வேறு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, என்னமோ பொசுங்குத வாடை அடிக்கே?"

"பழைய பல்புல்லா, தூசி கருகும். கைய எடுத்துராதீங்க" என்றவள், சுவருக்கு மேலே எட்டிக் கத்தினாள். "டீச்சர்! உங்க விளக்கு கெட்டுப் போச்சு. சூடே வரமாட்டேங்கு."

"காலையிலகூட முட்டிக்குக் காட்டுனேனே" என்றபடி பார்வதியம்மாள் டீச்சர் வந்து கதவைத் தள்ளினார். கோமதித்தாய் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"அய்யோ!"

டீச்சர் போட்ட சத்தத்தில் சட்டமெல்லாம் பறந்துபோக, கோமதித்தாய் உள்ளே ஓடினாள். அவசரத்தில் விளக்கைத் தள்ளிவிட்ட டீச்சர், சுட்ட விரலை உதறியபடியே சுவிட்சை அணைத்தார்.

செல்லச்சாமியின் புறங்கை முழுவதும் தோல் வெந்து, கொப்புளமாக எழும்பி நின்றது. அவன் முகம் சுளிக்கவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கண்ணில் கட்டியிருந்த துண்டை நிதானமாக அவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"ஏட்டி, இது எப்பம் வெந்துச்சு?"