பூமேட்டுக்கு வழி

"பாலம் தாண்டினதும் இடது பக்கம் திரும்புங்க சார். ஏரிக்கரை முழுக்கக் காட்டுப்பூதான்!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான் அண்ணன்.

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"நாளைக்கு நாம பூமேட்டுக்கு வலது பக்கம்ல திரும்பப் போறோம்?"

"ஆமா."

"அப்புறம் ஏன்டா உன் மேனேஜரை இடது பக்கம் அனுப்புறே? காலைலேர்ந்து நாலு பேருக்கு இதே கதை விட்டுட்டே!"

"அங்கயும் பூ இருக்கு. நல்ல ரோடு, வேலியும் போட்டிருக்காங்க. போகட்டும்."

"அல்பம்டா நீ! போன வசந்தத்துல அந்த மேட்டுல எடுத்த போட்டோவுக்குத்தான் ஊரே லைக் போட்டுச்சே. இந்த வருஷமும் உனக்கு மட்டும்தான் வேணுமா?"

அவன் வரைபடத்தை மடித்து ஓரமாக வைத்தான்.

"சரி, வெயில் ஏறுறதுக்குள்ள எடுக்கணும். பேட்டரி வெச்சியான்னு பாக்கறேன்" என்று அவன் பையைத் திறந்தாள். உள்ளே கயிறு, மரக்குச்சிகள், 'மிதிக்காதீர்கள்' என்று எழுதிய நாலு அட்டைகள்.

"கேமரா எங்கடா?"

அவன் தன் போனை நீட்டினான். திரையில் ஒரு மேடு. பூ ஒன்றுகூட இல்லை; மண் முழுக்க டயர் தடம்.

"இது எந்த இடம்?"

"அதே மேடுதான். நான் போட்டோ போட்ட பத்தாவது நாள். இந்த வருஷம் முளைக்குமான்னே தெரியல."

"ஐயோ! இத்தனை வண்டி எப்படிடா வந்துச்சு?"

"கேட்டவங்களுக்கெல்லாம் போன வருஷம் சரியான வழியைத்தான் சொன்னேன்."