ஓடினால்தான் சம்பளம்

கிடங்கு வாசலில் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட புது டிரைவருக்கு முன்னே போகவும் வழியில்லை, பின்னே போகவும் வழியில்லை. தொட்டால் ஸ்டீயரிங் உச்சி வெயிலாய்ச் சுடுகிறது. ஓடிய கிலோமீட்டருக்குத்தான் சம்பளம். காலையிலிருந்து மீட்டர் அசையவில்லை. நெடுந்தூர லோடு கேட்டால், "அனுபவம் வரட்டும்ப்பா" என்கிறார் மேனேஜர்; இப்படி நின்றுகொண்டே இருந்தால் அது எப்படி வருமாம்? போனில் மனைவி, "வண்டி ஓடிட்டிருக்கா?" என்கிறாள். "ஓடிட்டேதான் இருக்கு" என்று சொல்லி, அவளுக்குக் கேட்கட்டுமென்று ஹாரனை அழுத்துகிறான். முன் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏம்ப்பா, என் தலைமேல ஏறியா போகப்போற?" என்று கத்துகிறார். அவன் சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்துகிறான். மறுபடி காதில் வைக்கும்போது அவள் சொல்கிறாள்: "ஓட்டும்போது பேச வேணாம், வைங்க. பாத்து, மெதுவாவே போங்க."