இரண்டாவது தகவலாளி

மானிடவியல் மாணவர்கள் இப்போதெல்லாம் களத்துக்குப் போவதில்லை. ஆய்வுக்கு வேண்டிய மனிதர்களைக் கணினியே உருவாக்கித் தருகிறது; அவர்கள் திரையிலேயே வந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

ஜெனிட்டாவுக்குக் கிடைத்தவள் கணவனைக் கடலில் பறிகொடுத்த மீனவப் பெண். அந்த நாளைப் பற்றிக் கேட்டதும் கண்கலங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஜெனிட்டா திரையை அணைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள். அவள் அப்பாவும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்தான். ஏலக்கூடத்தில் சாளை மீன் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்குட்டி?" என்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதை மட்டுமே ஆய்வேடாக எழுதிக் கொடுத்தாள் ஜெனிட்டா.

"இதுல பதிலே இல்லையேம்மா," என்றார் பேராசிரியர். "திரையில வந்தவ சொன்னத எழுதிக் குடு. இல்லேன்னா ஃபெயில்தான்."

"அவளுக்கு மாட்டேன்னு சொல்லவே தெரியாது சார். எங்கம்மாவுக்குத் தெரியும்."

"கேள்வி கேட்டா பதில் வாங்கத் தெரியணும்."

"சரி சார். உங்க வீட்ல கடைசியா இறந்தது யாரு? அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

பேராசிரியரின் முகம் இறுகியது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

ஜெனிட்டா ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, அம்மாவின் வரிக்குக் கீழே அவர் சொன்னதையும் எழுதினாள்.