பிடரியில் ஒரு கற்றை

"கண்ணாடில பார்த்தா எனக்கே என்னை அடையாளம் தெரியக் கூடாதுக்கா," என்றாள் யாமினி. அவள் கழுத்தில் கணவனின் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன.

எந்தப் பெண்ணுக்கு முடி வெட்டினாலும், வேலை முடிந்த நொடியில் அவளைப் படமெடுத்து வீட்டு ஆணுக்கு அனுப்பிவிடும் இந்தப் பாழாய்ப்போன கத்தரிக்கோல். வேறொன்று வைத்திருந்தால் சர்க்கார் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடும். அதனால் காதளவு வெட்டிவிட்டு, பிடரியில் ஒரு கற்றையை மட்டும் நீளமாக விட்டேன்.

"இது இருக்கற வரைக்கும் வேலை முடியலைன்னு கத்தரி நினைச்சுக்கும். இப்படியே ஓடிப் போயிரு."

எழுந்து வாசலுக்கு நடந்தாள். அந்தக் கற்றை அசிங்கமாக ஆடியது. "நில்லு" என்றேன். இருபது வருடப் பழக்கம். கை தானாகப் போய் நறுக்கிவிட்டது.

அவள் கைப்பேசியில் கணவனின் செய்தி வந்தது: "கிராப்பு நல்லாத்தான் இருக்கு. அங்கேயே இரு, வர்றேன்."