பன்னிரண்டாயிரம் வரிகள்

"நாலாவது தடவையும் முடியாதுன்னு எழுதிட்டான் அண்ணா. மனுஷனா அவன்?"

தங்கை மடிக்கணினியை மேஜையில் தள்ளிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் சிரித்தான்.

"மெயில்ல 'மதிப்பிற்குரிய ஐயா'. வீட்டுக்குள்ள 'அவன்'. நல்லா இருக்கு உன் மரியாதை."

"சிரி, சிரி. வேலை போகப் போறது உனக்குத்தான்."

அண்ணன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

பிறவியிலிருந்தே அவனுக்குப் பார்வை கிடையாது. மருத்துவமனையில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருப்பதால்தான் அந்த வேலையே.

இன்னும் பதினோரு நாளில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வெளியாகிறது. மருத்துவமனையும் உடனே அதற்கு மாறுகிறது. அதில் சேர்ந்திருக்கும் அந்த மென்பொருளுக்கு ஒரு வியாதி. அட்டவணை ஒன்று வந்தால் போதும், பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும். ரத்தப் பரிசோதனை அறிக்கை என்றாலே அட்டவணைதான்.

"அன்னிக்கு உங்க மெஷின் பேசலைன்னா எனக்கு வேற வழியில்லப்பா" என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார்.

பழுது நீக்கிய புது வெர்ஷன் வந்துவிட்டது. யாரோ எழுதுகிற அந்த மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி அந்த சிஸ்டத்துக்குள் அனுப்பும் பொறுப்பே தங்கையுடையதுதான். கட்டியும் வைத்துவிட்டாள். ஆனால் உள்ளே போகாது. ஃப்ரீஸ்.

அதை நினைத்தால் அவளுக்கே பிரமிப்பாக இருக்கும். சம்பளம் வாங்காத ஆயிரம் பேர், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அறுபதாயிரம் பேக்கேஜ்களைச் சேர்த்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறார்கள். வெளியிடுவதற்கு முன்னால் ஒருநாள், சொல்லிவைத்த மாதிரி அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். கேள்வித்தாளை உறையிலிட்டு அரக்கு வைத்த மாதிரி. அப்புறம் புதுசு எதுவும் உள்ளே நுழையாது. அதுதான் ஃப்ரீஸ்.

விதிவிலக்கு வேண்டுமானால் வெளியீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'பூட்டு'. அவள் நேரில் பார்த்ததில்லை.

"நிரலில் பன்னிரண்டாயிரம் வரி மாறியிருக்கிறது. முழுவதும் படித்தீர்களா?" என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தார்.

"எல்லாம் சோதித்தாயிற்று ஐயா" என்று எழுதியிருந்தாள். ஒரு வரியும் படித்திருக்கவில்லை. அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அவசரத்துக்கு மட்டும்னு ஒரு போன் நம்பர் போட்டிருக்கு. இது அவசரம்தானே?"

"சண்டை போடாம பேசு" என்றான் அண்ணன்.

ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் ஏதோ கரகரத்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா."

"சார், நாலு கடிதம் போட்டது நான்தான். எங்கண்ணனுக்கு வேலையே போயிடும் சார். ஒரே ஒரு பேக்கேஜ். உள்ள விட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

"உங்க புது வெர்ஷன் வராதும்மா."

"அதான் ஏன்னு கேட்கறேன்!"

"அட்டவணையைச் சரி பண்ணியிருக்காங்க. ஆனா பிரிண்ட் கொடுத்தா மொத்தமா ஊமையாயிடுது. பார்த்தீங்களா?"

பிரிண்ட் கொடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"படிச்சீங்களாம்மா?"

"இல்ல சார்" என்றாள். சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் இலகுவானது.

"பரவாயில்ல. ஃப்ரீஸ்ல புதுசுக்குத்தான் இடமில்ல, பழுது பார்க்க இடமுண்டு. அட்டவணைக்கு வேண்டியது அதுல நாலே நாலு வரி. அதை மட்டும் எடுத்து, பழைய வெர்ஷன்லயே ஒட்டியிருக்கேன். அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் உள்ள போச்சு. இறக்கி உங்க அண்ணன்கிட்ட கொடுங்க."

"பன்னிரண்டாயிரத்துல நாலு வரியை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் போனேன். ஒன்பது நாள் ஆயிடுச்சு. அதுக்குள்ள நீங்க நாலு கடிதம் போட்டுட்டீங்க. வெச்சிடறேன்மா."

தங்கை இறக்கினாள். நிறுவினாள். அண்ணன் ஓர் அட்டவணையைத் திறந்தான்.

இயந்திரம் படித்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், அடுத்த வரிசை. நிற்கவே இல்லை. அண்ணன் ஐந்து பக்கம் ஓடவிட்டான். பிரிண்ட் கொடுத்தான். அப்போதும் பேசியது.

"பொழைச்சேன்" என்றான்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்ல மனுஷன்தான், ஒத்துக்கறேன். அதுக்காக ஒன்பது நாள்ல பன்னிரண்டாயிரம் வரி படிச்சேன்னு கதை விடணுமா? எனக்கு நூறு வரி பார்த்தாலே தலை சுத்துது."

"கதை விடலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவருக்குப் பின்னாடி ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சே, கேட்கலையா?"

"லைன்ல ஏதோ இரைச்சல்னு நினைச்சேன்."

அண்ணன் தன் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினான். ஐந்து. ஏழு. பத்து. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெறும் இரைச்சலாகின.

"இதுதான் அது. எனக்கு அஞ்சுக்கு மேல புரியாது. அவர் பத்துல வெச்சிருக்கார்."

அண்ணன் வேகத்தைப் பழையபடி குறைத்தான்.

"பன்னிரண்டாயிரம் வரியையும் காதாலயே படிச்சிருக்கார். அட்டவணைக்கு அட்டவணை ஊமையாகிற அதே மெஷினை வெச்சுக்கிட்டு."